சில்லுப்பலகையும் தூரிகையும்: வன்னியிலிருந்து தொடங்குபவர்களுக்கு

எங்கள் ஒழுங்கையில் ஸ்கேட்போர்டுக்குப் பெயர் சில்லுப்பலகை. அதில் ஏறி விழுவதும் அதன் அடிப்பக்கத்துக்குப் படம் வரைவதும் என் தொழில். "உந்தப் பலகையில ஏறி நிண்டா ஆர் தம்பி சம்பளம் தாறது?" என்று விசுவமடுச் சந்தியில் தேத்தண்ணிக் கடைக்காரர் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்று அரைகுறையாக ஒரு பதில் இருக்கிறது. அதற்கு நாலு வருடம் போனது. அதில் பாதி, எந்த அலுவலகத்துக்கு முதலில் போவது என்று தெரியாமல் அலைந்தே போனது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியா பக்கத்தில் வரையத் தெரிந்த, பலகை ஓட ஆசையுள்ள பிள்ளைகள் இப்போது என்னிடம் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பிக் களைத்துவிட்டேன். செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

1. இருக்கிற வேலையை விடாதீர்கள்

முதல் படத்துக்கு 250 டொலர் வந்த கிழமையே, நான் நின்ற பனர் அடிக்கும் கடைக்கு இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த படம் கேட்டு ஆள் வர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் அம்மா கோழி முட்டை விற்ற காசில்தான் எனக்கு டேட்டா கார்ட் போட்டார்.

பலகைக் கம்பனிகள் மாதாமாதம் படம் வாங்குவதில்லை. வருடத்தைப் பருவங்களாகப் பிரித்துத்தான் புதுப் பலகைகளை விடுவார்கள். கடைக்கு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே படங்களை முடிவு செய்துவிடுவார்கள். நீங்கள் மின்னஞ்சல் போடும் நேரம் அவர்கள் ஏற்கெனவே எல்லாம் எடுத்து முடித்த நேரமாக இருக்கலாம். படம் பிடிக்கவில்லை என்று நினைத்து மனம் உடைய வேண்டாம். இரண்டு மாதம் கழித்துப் புதுப் படத்தோடு திரும்பப் போடுங்கள்.

இடைப்பட்ட காலத்தில் வன்னியில் கைக்கு வேலை இல்லாமல் இல்லை. கடைப் பெயர்ப்பலகை, முன்பள்ளிச் சுவர், பூப்புனித நீராட்டு விழா பனர், திருவிழாத் தோரணம், பஸ் பின்கண்ணாடி எழுத்து, ஓட்டோ ஸ்டிக்கர் என்று நிறைய உண்டு. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் நெருங்கினால் பனர் கடைகளில் இரவிலும் லைற் எரியும். மார்கழி விடுமுறையில் முன்பள்ளிகள் சுவருக்கு நிறம் அடிக்கக் கூப்பிடும். நான் இப்போது கிழமையில் நாலு நாள் இந்த வேலை, இரண்டு நாள் பலகைப் படம், ஒரு நாள் ஓட்டம் என்று வைத்திருக்கிறேன்.

இந்த வேலைகளைக் கேவலமாக நினைக்கிற 'கலைஞர்'களோடு எனக்கு ஒத்துவராது. என் படத்தை முதன்முதலில் காசு கொடுத்து வாங்கிய கம்பனி அதில் இருந்த யானைக்காக வாங்கவில்லை. யானையின் வயிற்றில் நான் எழுதியிருந்த எழுத்துக்காக வாங்கினார்கள். அது பரந்தன் பஸ் ஒன்றின் பின்கண்ணாடிக்கு நான் எழுதிப் பழகிய வளைவு. நிழல் விழும் தடித்த எழுத்து, ஓரத்தில் மஞ்சள் கோடு. கலிபோர்னியா ஆட்களைப் பார்த்து நான் வரைந்த மண்டையோடுகளும் தீச்சுவாலைகளும் ஒன்றும் போகவில்லை. அங்கே அதை வரைய ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

2. பலகை: இங்கத்தைய ரோட்டுக்குத் தக்கது

வெளிநாட்டில் முழுப் பலகை ஒன்று 80 முதல் 120 டொலர் வரும். ஒன்லைனில் வாங்கித் தபாலில் எடுத்தால் அனுப்பு கூலியும் சுங்கமும் சேர்ந்து விலை எங்கேயோ போய்விடும். கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ லீவுக்கு வருகிற சித்தப்பாவின் சூட்கேஸ்தான் மலிவான வழி. பலகையின் நீளம் ஏறக்குறைய 80 சென்டிமீற்றர் என்பதால் சிறிய பெட்டிக்குள் அடங்காது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ட்ரக்கையும் (சில்லுகளைப் பலகையோடு பூட்டும் உலோக அச்சு) சில்லையும் கழற்றித் தனியே வைக்கச் சொல்லுங்கள்.

பொதுவாகக் கடைகளில் தருவது 52 முதல் 54 மில்லிமீற்றர் அளவான, 99ஏ கடினமுள்ள சில்லு. வழவழப்பான சீமெந்துக்கு அது நல்லது. எங்கள் கிரவல் ஒழுங்கையிலும் கல் தெரியும் தார் ரோட்டிலும் பல் கிடுகிடுக்கும், ஒரு சின்னக் கல் பட்டாலே ஆள் முன்னால் பறப்பார். இங்கே ஓடிப் பழக 56 முதல் 60 மில்லிமீற்றர், 78ஏ முதல் 85ஏ வரையான மென்சில்லு கேளுங்கள். பெரிய சில்லு போட்டால் ட்ரக்குக்கும் பலகைக்கும் நடுவே ரைசர் என்ற தடிப்புத் துண்டும் வேண்டும். இல்லாவிட்டால் திரும்பும்போது சில்லு பலகையில் உரசி நின்றுவிடும்.

பெயாரிங் பழுதானால் வெளிநாட்டுக்கு எழுத வேண்டாம். ஸ்கேட்போர்டில் இருப்பது 608 என்ற சாதாரண அளவு: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிப்பு 7 மில்லிமீற்றர். மோட்டார் திருத்தும் கடையில் அந்த எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். செம்மண் தூசி பெயாரிங்குக்கு யமன், மாதம் ஒருமுறை கழற்றித் துடையுங்கள்.

மழையில் ஓட வேண்டாம். பலகை ஏழு படை மேப்பிள் மரத்தை ஒட்டிச் செய்தது. நனைந்தால் உப்பிப் படை பிரியும், துள்ளல் செத்துவிடும். உள்ளூர் பிளைவுட்டில் வெட்டிப் பார்க்கலாமே என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. இரண்டாவது குதியில் நடுவால் முறிந்தது. முறிந்த பலகையை எறியாதீர்கள், அதற்கு 6ஆம் பகுதியில் வேலை இருக்கிறது.

3. ஓடும் இடம்

ஏ9 வீதி காப்பற் போட்டுக் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பார்த்தாலே கால் துருதுருக்கும். வேண்டாம். யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்காரர் உங்களைக் காணவே மாட்டார்.

வன்னியில் நல்ல தளம் எங்கே இருக்கிறது தெரியுமா? நெல் காயவிடும் சீமெந்துத் தளங்கள்! கூட்டுறவுச் சங்கங்களிலும் நெல் களஞ்சியங்களிலும் அகலமாக, சமனாக, யாரும் இல்லாமல் கிடக்கும். ஆனால் காலபோக அறுவடை நடக்கும் தை கடைசி தொடக்கம் பங்குனி வரையும், சிறுபோகம் வெட்டும் ஆவணி, புரட்டாதிப் பக்கமும் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கக்கூடாது. நெல் காயும் தளத்தில் சப்பாத்தோடு ஏறியவனை ஊர் மன்னிக்காது. மற்றக் காலத்தில் சங்கத்து மனேஜரிடமோ கமக்காரர் அமைப்புத் தலைவரிடமோ ஒரு கடிதம் கொடுத்துக் கேளுங்கள். வாய்ச்சொல் போதாது. அடுத்த வருடம் ஆள் மாறியதும் அனுமதியும் போய்விடும். கடிதத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்த நேரம் ஓடுவீர்கள், காயம்பட்டால் பொறுப்பு உங்களுடையது, முடிந்ததும் தளத்தைக் கூட்டிவிட்டுப் போவீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் தாய் அல்லது தகப்பனின் கையொப்பமும் வேண்டும்.

கூரையில்லாத வீடுகளின் தரையும் ஓடுவதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒருவருடைய வீடு. உரிமையாளர் சுவிஸிலோ லண்டனிலோ இருப்பார், அயலவரிடம் இலக்கம் இருக்கும், கேளுங்கள். எனக்கு அனுமதி தந்த ஒரு அம்மா தரையை வீடியோவில் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அன்றைக்கு நான் ஓடவில்லை.

ஒன்று கண்டிப்பாக: ஊர் பாவிக்காத பாதையால், பற்றைக்குள்ளால், சிவப்பு மண்டையோட்டுப் பலகை நின்ற காணிக்குள்ளால் 'நல்ல இடம்' தேடிப் போகாதீர்கள். மிதிவெடி எடுத்து முடிந்த காணியா என்று கிராம அலுவலரிடமோ, அதாவது ஜீ.எஸ்.ஸிடமோ, அந்த ஊரவரிடமோ கேட்டுவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும்.

4. ஆவணங்கள்: இந்த வரிசையில்

நான் பிழைவிட்ட இடம் இதுதான். முதலில் ஒன்லைனில் பணம் பெறும் கணக்குத் திறந்தேன், பிறகு வங்கிக்குப் போனேன், கடைசியாகத்தான் வியாபாரப் பதிவு. அப்படியே தலைகீழாகச் செய்திருக்க வேண்டும்.

முதலில் பெயர். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் மூன்றையும் மேசையில் விரித்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எங்களுக்குத் தகப்பன் பெயர் முன்னால் வரும், ஓரிடத்தில் விரித்து எழுதியிருக்கும், இன்னோரிடத்தில் முதலெழுத்து மட்டும் இருக்கும். 'த்' ஓசைக்கு ஒரு அட்டையில் ஒரு எழுத்துக் கூடுதலாக இருக்கும். பணம் பெறும் கணக்கின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் பொருந்தாவிட்டால் பணம் நடுவழியில் நிற்கும். என் 250 டொலர் அப்படி ஆறு கிழமை நின்றது. வங்கியில் பெயரைத் திருத்துவதுதான் சுலபம், அங்கே தொடங்குங்கள்.

இரண்டாவது, வியாபாரப் பெயர்ப் பதிவு. பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் எடுத்து நிரப்பி, கிராம அலுவலரின் அறிக்கையோடு கொடுக்க வேண்டும். அடையாள அட்டைப் பிரதி, தொழில் நடக்கும் இடத்துக்கான அத்தாட்சி, கட்டணம் ஆகியவை வேண்டும். இடத்துக்கான அத்தாட்சியில்தான் வன்னிப் பிள்ளைகள் மாட்டுவோம். வளவுக்கு உறுதி இருக்காது. காணி அனுமதிப்பத்திரம், அதாவது பெர்மிற், அப்பப்பா பெயரில் இருக்கும், அப்பப்பா உயிரோடு இருக்கமாட்டார். முதல் நாளே ஜீ.எஸ்.ஸிடம் நிலைமையைச் சொல்லி, என்ன கடிதம் இருந்தால் ஏற்பார்கள் என்று கேளுங்கள். எனக்கு அம்மாவின் சம்மதக் கடிதமும் மின்கட்டணப் பற்றுச்சீட்டும் உதவின. தொழிலின் தன்மை என்ற இடத்தில் 'ஸ்கேட்போர்ட் கலைஞர்' என்று எழுதி நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். 'ஓவியம் மற்றும் வரைகலை வடிவமைப்பு' என்று எழுதினால் யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள்.

பொதுமக்கள் நாள் எது என்று கேட்டுவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் உரிய ஆள் வெளிக்கள வேலையில் இருப்பார். ஒவ்வொரு கடதாசியிலும் மூன்று பிரதி வைத்திருங்கள். எனக்குத் தொடக்கத்திலிருந்து கையில் பதிவு வர ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூட எடுத்தது. அதில் மூன்று கிழமை என் கடிதங்களின் குறையால் போனது.

மூன்றாவது, வரி இலக்கம். பதினெட்டு வயது தாண்டிய எல்லோரும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிய வேண்டும். ஒன்லைனிலேயே செய்யலாம், கட்டணம் இல்லை. இலக்கம் எடுத்தாலே வரி கட்ட வேண்டும் என்று ஊரில் ஒரு பயம் உண்டு. அப்படி இல்லை. 2025 ஏப்ரல் தொடக்கம் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் விலக்கு இருக்கிறது. அதே மாதத்திலிருந்து, வெளிநாட்டுக்குச் சேவை செய்து அந்நியச் செலாவணியாக வரும் வருமானத்துக்கும் வரி உண்டு, ஆகக் கூடியது 15 வீதம். முன்பு அதற்கு விலக்கு இருந்தது, பழைய வீடியோக்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். கணக்கு வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. விபரத்திரட்டு நவம்பர் 30க்குள் போக வேண்டும். வாங்கிய பெயின்ட், தூரிகை, தபால் எல்லாவற்றுக்கும் பில்லை ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டு வாருங்கள்.

நான்காவது, வங்கி. ரூபாக் கணக்கோடு தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றும் திறக்கலாமா என்று கேளுங்கள். டொலரை டொலராகவே வைத்திருந்தால் தேவையானபோது மாற்றலாம். பணம் எதற்கு வருகிறது என்று கேட்பார்கள், விலைப்பட்டியலும் ஒப்பந்தமும் காட்ட வேண்டும். வியாபாரப் பதிவு கையில் இருந்தால் அந்தக் கேள்வி ஐந்து நிமிடத்தில் முடியும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பேயோனியர் போன்ற, ஒன்லைனில் பணம் பெறும் கணக்கு. நான் தொடங்கிய காலத்தில் பேபாலில் இங்கிருந்து காசு அனுப்பலாம், இங்கே பெற முடியாது. அது தெரியாமல் ஒரு வாடிக்கையாளரைத் தொலைத்தேன்.

5. படத்தை எப்படிக் கொடுப்பது

பலகைப் படம் சுவரொட்டி இல்லை. ஒல்லியானது, நீளமானது, இரண்டு முனையும் வளைந்தது, ட்ரக் பூட்ட முனைக்கு நாலாக எட்டு ஓட்டை உள்ளது. ட்ரக் இரண்டும் பூட்டப்பட்டால் படத்தின் இரண்டு இடங்கள் மறையும். முகத்தையோ கண்ணையோ அங்கே வைத்தால் யானைக்கு நெற்றியில் ஆணி அடித்த மாதிரி இருக்கும். என் முதல் மாதிரியில் அப்படித்தான் இருந்தது. ட்ரக்குகளுக்கு இடைப்பட்ட 14 அங்குலத்துச் சொச்சம்தான் உங்கள் உண்மையான மேடை. பலகை ஓடும்போது முதலில் தேய்வதும் அதே இடம்தான், கம்பியில் சறுக்கினால் ஒரே நாளில் கீறிவிடும். அதைத் தாங்கிக்கொள்ள மனம் இல்லாவிட்டால் இந்தத் துறை வேண்டாம்.

கம்பனியிடம் அவர்களின் வார்ப்புருக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்காவிட்டால் 8.25க்கு 32 அங்குலம் என்று வைத்து, சுற்றிவர கால் அங்குலம் கூடுதலாக வரையுங்கள். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், அது 2625க்கு 9750 பிக்சல். பழைய கணினி திணறும், கீழுள்ள அடுக்குகளை அவ்வப்போது ஒன்றாக்குங்கள். கிரிட்டா, இங்க்ஸ்கேப் இரண்டும் இலவசம், நான் காசு கொடுத்து மென்பொருள் வாங்கியதில்லை. படம் வெப்பத்தால் ஒட்டப்படுமா, திரை அச்சா என்று கேளுங்கள். திரை அச்சென்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் செலவு, நாலு நிறத்துக்குள் நிற்கத் தெரிந்தவருக்கு மதிப்பு. பெயர்ப்பலகை எழுதியவர்களுக்கு அது கைவந்த கலை. கணினித் திரையில் ஒளிரும் பச்சை அச்சில் செத்த பச்சையாக வரும், அதையும் முதலே சொல்லி வையுங்கள்.

6. கையால் வரைந்த பலகைகள்

முறிந்த, தேய்ந்த பலகைகளில் வரைந்து சுவரில் மாட்டும் படமாக விற்பது இன்னொரு வருமானம். பனை, பாலை மரம், இரணைமடு வான்கதவு, முறிகண்டிக் கச்சான்காரி என்று வரைந்தால் ஸ்கார்பரோவில் வீடு வாங்கிய ஆட்கள் விரும்பி எடுக்கிறார்கள். அவர்களுக்குப் பலகை ஓடத் தெரியாது, பரவாயில்லை.

மெழுகு, பழைய படம் எல்லாம் போக 120 இலக்க அரத்தாளால் தேய்த்து, 220ஆல் மட்டப்படுத்துங்கள். பிறைமர், அக்ரிலிக், கடைசியில் வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சு. வெயில் ஏறிய பிறகு வார்னிஷ் பூசினால் குமிழ் வரும், காலை ஒன்பதுக்கு முன் முடியுங்கள். காய்ந்ததும் உடனே பொதி செய்ய வேண்டாம், ஒரு கிழமை விடுங்கள். குமிழ்ப் பொலித்தீனை நேரே சுற்றினால் பயணச் சூட்டில் அந்த வட்டங்கள் வார்னிஷில் அப்படியே பதிந்துவிடும். நடுவே பேக்கரிக்காரர் பாவிக்கும் எண்ணெய்க் கடதாசி ஒரு சுற்று வையுங்கள். இதை நான் படித்தது ரொறன்ரோவிலிருந்து வந்த ஒரு கவலையான புகைப்படத்தில்.

7. தபால்

சிறு பொதி என்ற மலிவான வகையில் அனுப்பலாம் என்று எண்ணிக்கொண்டு தபாற்கந்தோருக்குப் போகாதீர்கள். சர்வதேசத் தபாலில் சிறு பொதியின் ஆகக்கூடிய நீளம் 60 சென்டிமீற்றர், நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 90க்குள் இருக்க வேண்டும். எங்கள் பலகை 80 சென்டிமீற்றர் நீளம். ஆகவே பார்சலாகவோ ஈ.எம்.எஸ். என்ற விரைவுத் தபாலாகவோதான் போகும், கட்டணம் பல மடங்கு. அனுப்பு கூலியைத் தபாற்கந்தோரில் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் வாடிக்கையாளருக்கு விலை சொல்லுங்கள். நான் விலையைச் சொல்லிவிட்டுப் போய்க் கேட்டேன். அந்தப் பலகையில் எனக்கு மிஞ்சியது பஸ் ரிக்கற்தான்.

கடதாசிப் படம் என்றால் குழாயில் சுருட்டி மலிவாக அனுப்பலாம். சுருளுக்கு 90 சென்டிமீற்றர் நீளம் வரை இடம் இருக்கிறது. தொடக்கத்தில் பலகையை விட அச்சுப் பிரதிகளை விற்பது புத்தி.

சுங்கப் படிவத்தில் வெறுமனே 'மரப் பலகை' என்று எழுதாதீர்கள். முதிரையா பாலையா, அனுமதி எங்கே என்று கேட்கிற ஊர் இது. 'வர்ணம் தீட்டிய ஸ்கேட்போர்ட் தளம், கலைப்பொருள்' என்று எழுதிப் பெறுமதியை உண்மையாகப் போடுங்கள். அமெரிக்காவுக்கு என்றால், 800 டொலருக்குக் குறைந்த பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கு 2025 ஓகஸ்ட் 29 தொடக்கம் நிறுத்தப்பட்டது. வாங்குபவர் அங்கே வரி கட்ட வேண்டி வரும் என்று முதலே சொல்லிவிடுங்கள்.

8. ஒப்பந்தம்: படத்துக்கு முன் கடதாசி

ஐரோப்பாவில் ஒரு சின்னக் கம்பனி என் யானையைக் கேட்டது. இன்ஸ்டகிராமில் "ஓகே, யூஸ் இட்" என்று ஒரு வரி போட்டேன். பலகைக்கு 250 டொலர் தந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பாரிஸில் இருக்கும் மச்சான் ஒரு கடைக்கு முன்னால் நின்று படம் அனுப்பினான்: "டேய், உன்ர யானை!" ரீசேட், தொப்பி, ஸ்டிக்கர் எல்லாவற்றிலும் யானை. கேட்டபோது நான் போட்ட வரியை எனக்கே திருப்பி அனுப்பினார்கள்.

பலகைப் படம் பலகையோடு நிற்பதில்லை. 1985இல் ஜிம் பிலிப்ஸ் என்ற அமெரிக்க ஓவியர் சாந்தா குரூஸ் என்ற பலகைக் கம்பனிக்கு வரைந்த 'அலறும் கை' படத்தை இன்றைக்கும் ஸ்டிக்கராக, உடுப்பாக விற்கிறார்கள். நாற்பது வருடம் ஓடக்கூடிய ஒன்றுக்கு ஒரு வரியில் சம்மதம் சொல்லாதீர்கள்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி நீங்கள் வரைந்த கணமே பதிப்புரிமை உங்களுடையது, பதியத் தேவையில்லை. ஆனால் அதை எழுதிக் கொடுத்துவிட்டால் போனதுதான். அமெரிக்கக் கம்பனியின் தாளில் 'ஒர்க் ஃபோர் ஹயர்' என்ற சொல் இருந்தால் நின்று யோசியுங்கள். படம் முழுக்க அவர்களுடையது, நீங்கள் கூலியாள் என்று அர்த்தம். விலை அதற்குத் தக்கதாக இருந்தால் சரி, இல்லாவிட்டால் வெட்டச் சொல்லுங்கள்.

மின்னஞ்சலாக இருந்தாலும் போதும், இவை இருக்க வேண்டும்: படம் எந்தப் பொருளுக்கு, எவ்வளவு காலத்துக்கு, உடுப்புக்குப் போட்டால் மேலதிகமாக எவ்வளவு, உங்கள் பெயர் எங்கே வரும், எத்தனை திருத்தம் இலவசம். பாதிப் பணம் முதலில். வேலையை இடையில் நிறுத்தினால் அந்தப் பாதி உங்களுக்கு. இதைக் கேட்டதால் ஒரு வேலையும் எனக்குப் போகவில்லை. இதைக் கேட்டுப் போகிறவர் காசு தரப் போகிறவர் இல்லை.

'காசுக்குப் பதிலாகப் பலகை தருகிறோம்' என்பது இனிப்பான பொறி. எனக்கு மூன்று பலகை அனுப்பினார்கள். சுங்கத்தில் கட்டியதும் கொழும்புக்குப் போய்வந்த செலவும் சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய அந்தப் பலகைகளை நானே விலைக்கு வாங்கியிருக்கிறேன். பலகை தருவதானால் அந்த நாட்டில் இருக்கும் உறவினரின் விலாசத்தைக் கொடுங்கள்.

9. சுவர்

பொதுச் சுவரில் வரைய ஆசைப்பட்டால் அது யாருடைய சுவர் என்று முதலில் பாருங்கள். பிரதேச சபை, பாடசாலை, வீதி அபிவிருத்தி அதிகார சபை ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிதம். வரையப்போகும் படத்தின் நிற மாதிரியைக் கடிதத்தோடு இணைத்து, முத்திரை குத்திய பிரதி ஒன்றை வேலை நடக்கும் நாள் முழுக்கக் கையில் வைத்திருங்கள். விசாரிக்க யாராவது வருவார்கள், காட்டினால் போய்விடுவார்கள். வாய்ப்பேச்சில் தொடங்கிய ஒரு சுவரை மூன்றாம் நாள் நானே வெள்ளை அடித்து மூடினேன். பெயின்ட் காசும் என்னுடையது.

10. கை

முன்பள்ளிச் சுவரொன்றைப் பொறுப்பெடுத்து முற்பணமும் வாங்கிய மறுநாள் விழுந்து வலது மணிக்கட்டு வெடித்தது. அரச வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம், ஆனால் ஆறு கிழமை மாவுக்கட்டு. முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அந்தச் சுவரை இன்னொருவர் செய்தார். அதிலிருந்து மணிக்கட்டுக் காப்பு இல்லாமல் பலகையில் ஏறுவதில்லை. பெடியள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அவர்களுக்குக் கை சோறு உண்ண மட்டும், எங்களுக்கு அது சோறு தேட. முடிக்க வேண்டிய வேலை கையில் இருக்கும் கடைசிப் பத்து நாளும் புது வித்தை பழகுவதில்லை, நேராக ஓடுவது மட்டும்.

அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைத்தாய் என்று கேட்பவர்களுக்கு: தோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்ட் முதல்முறையாக 2021இல் நடந்தபோது ஜப்பானில் பதின்மூன்று வயதுப் பிள்ளை தங்கம் எடுத்தாள். அந்த வீடியோவைக் காட்டினேன். "அவள் தலைக்கு என்ன போட்டிருக்கிறாள்?" என்பதுதான் அம்மாவின் ஒரே கேள்வி. அடுத்த மாதம் ஹெல்மற்றுக்குக் காசு தந்தார்.

11. வருடத்தைப் பிரிப்பது

ஐப்பசியில் மழை தொடங்கினால் மார்கழி வரை ஓட முடியாது. அது படம் வரையவும், கம்பனிகளுக்கு எழுதவும், நவம்பர் 30க்கு முன் வரிக் கணக்கு முடிக்கவும் உள்ள காலம். மார்கழி விடுமுறையில் முன்பள்ளிச் சுவர்கள். தை கடைசியிலிருந்து தளங்களில் நெல், அப்போது கையால் வரைந்த பலகைகளை முடித்து அனுப்புவேன். சித்திரை தொடக்கம் ஆடி வரை ஓட்டம், அதிகாலையிலும் மாலை ஐந்துக்குப் பிறகும் மட்டும். நடுப்பகல் தளத்தில் கை வைத்துப் பாருங்கள், ஏன் என்று விளங்கும். வைகாசியில் பனர் வேலை நெருக்கும், அந்தக் காசுதான் அடுத்த மழைக்காலத்துப் பெயின்ட்.

சிறுபோக நெல் வருவதற்கு ஒரு கிழமை முன்னால் விளக்குமாறோடு போய்த் தளத்தைக் கூட்டி, சில்லுத் தடங்களைக் கழுவி, மனேஜரிடம் காட்டிவிட்டு வாருங்கள். போன முறை நான் கூட்டிக்கொண்டிருக்கும்போது அவர் வந்து, களஞ்சியத்துப் பெயர்ப்பலகை அழிந்து போயிருக்கிறது, எழுதித் தர எவ்வளவு எடுப்பாய் என்று கேட்டார்.